ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி மாவு: அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளப் பிள்ளைக்கு உதவுவது எப்படி

பெரியவன் பள்ளிக்காக இரண்டு நாள் உட்கார்ந்து கலங்கரை விளக்கம் வரைந்து வைத்திருந்தான். மூன்றரை வயதுத் தங்கை அதை எடுத்து, வானம் முழுக்கச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பூக்கள் போட்டுவிட்டாள். அவன் அழுகிறான், அவள் முழிக்கிறாள், நான் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "உன் படத்தில் யாராவது இப்படிச் செய்தால் உனக்கு எப்படி இருக்கும்?" அவள் உடனே சொன்னாள், "நல்லா இருக்கும்!"

அவள் பொய் சொல்லவில்லை. அவள் படத்தில் யாராவது பூப்போட்டுக் கொடுத்தால் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். நான் கேட்டது அவளைப் பற்றிய கேள்வி, அவளும் தன்னைப் பற்றித்தான் பதில் சொன்னாள். அண்ணன் மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவே இல்லையே. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டேன், நீங்களும் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை இரண்டு: அவனுக்கு என்ன தெரியும்? அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான்?

முதலில் உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு நம் வீட்டு பிரிட்ஜே போதும். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் இட்லி மாவு இருக்கும், இந்த ஏமாற்றம் படாத பிள்ளை சென்னையில் இருக்க முடியாது. டப்பாவைக் காட்டி உள்ளே என்ன என்று கேளுங்கள், "ஐஸ்கிரீம்" என்று சொல்லும். திறந்து மாவைக் காட்டி, மறுபடி மூடிவிடுங்கள். இப்போது கேளுங்கள்: "அண்ணன் இதைத் திறந்து பார்க்கவே இல்லை. அவனிடம் கேட்டால் உள்ளே என்ன இருக்கு என்று சொல்வான்?" மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் "மாவு" என்றுதான் சொல்லும். அடுத்ததாக, "திறப்பதற்கு முன்னால் நீ என்ன நினைச்ச?" என்று கேளுங்கள். அதற்கும் "மாவு" என்றே சொல்லக்கூடும், ஒரு நிமிடம் முன்னால் தானே ஐஸ்கிரீம் என்று சொன்னதைக்கூட மறந்து. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. தன்னுடைய பழைய நினைப்பையே பிடித்துவைக்க முடியாத பிள்ளையிடம் அடுத்தவர் நினைப்பை எதிர்பார்த்துத் திட்டுகிறோம்.

இந்தச் சோதனை என் கண்டுபிடிப்பு இல்லை. 1983ல் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள்: மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? சிறிய பிள்ளைகள் சாக்லேட் உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கேயே தேடுவான் என்றார்கள். அப்புறம் 1987ல் ஸ்மார்ட்டீஸ் மிட்டாய்ப் பெட்டிக்குள் பென்சிலை வைத்துக் கேட்டார்கள், ஸ்மார்ட்டீஸ் என்பது நம் ஊர் ஜெம்ஸ் மாதிரி. 2005ல் வந்த ஓர் ஆய்வு கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து என்று ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்தது. எல்லா இடத்திலும் ஏறக்குறைய மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் தவறாகச் சொல்வதிலிருந்து சரியாகச் சொல்லும் திருப்பம் வந்தது. ஆகவே மூன்று வயதில் தவறாகச் சொன்னால் கவலையே வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அண்ணனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் "ஐஸ்கிரீம்" என்று சொல்லும்போது சின்னதின் முகத்தைப் பாருங்கள். அந்த ஆச்சரியம்தான் பாடம், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சில வாரம் கழித்து வேறு டப்பாவோடு மறுபடி கேளுங்கள், ஊசி நூல் போட்டுவைத்த பிஸ்கட் டப்பா எல்லார் வீட்டிலும் உண்டு.

நினைப்பைவிட விருப்பம் சுலபம், அதனால் சின்னப் பிள்ளையிடம் அங்கேயே தொடங்குங்கள். 1997ல் பெட்டி ரெபாகோலி, அலிசன் கோப்னிக் இருவரும் குழந்தைகள் முன்னால் பிஸ்கட்டைச் சாப்பிட்டு முகம் சுளித்து, ப்ரோக்கோலியைச் சாப்பிட்டு ரசித்தார்கள், பிறகு கையை நீட்டினார்கள். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள், 18 மாதக் குழந்தைகள் ப்ரோக்கோலியைக் கொடுத்தார்கள். காய்கறிக் கடையில் நிற்கும்போது "பாகற்காய் உனக்குப் பிடிக்காது, தாத்தாவுக்குப் பிடிக்கும், எதை வாங்கலாம்?" என்று கேட்பதே இதற்குப் போதுமான பயிற்சி.

சரி, தினமும் என்ன செய்வது? பேசுவதுதான், வேறு மந்திரம் இல்லை. அதிலும் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதியை நாம் கவனிப்பதே இல்லை என்பது என் அபிப்பிராயம். "பஸ் போயிடுச்சுன்னு நினைச்சுட்டேன்" என்று சொன்னாலே பஸ் போகவில்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும், ஒரே வாக்கியத்தில் நினைப்பும் நிஜமும் தனித்தனியாக நிற்கின்றன. அதைப் பிள்ளை காதில் விழும்படி சொல்லுங்கள்: "அப்பா சாவி பையில் இருக்குன்னு நினைச்சுட்டார், அதனால்தான் அங்கேயே தேடுகிறார்." அப்புறம் நாம், நாங்கள். என் மகள் எதிர்வீட்டு மாமியிடம், "நாம நாளைக்கு மகாபலிபுரம் போறோம்" என்றாள். "என்னையும் கூட்டிட்டுப் போறியா கண்ணு?" என்று மாமி கேட்டதும் ஒரு கணம் யோசித்து, "இல்ல, நாங்க போறோம்" என்று திருத்திக்கொண்டாள். கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்று யோசிக்காமல் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. பிள்ளை தப்பாகச் சொன்னால் அந்த மாமி மாதிரியே அன்பாகக் கேட்டு விடுங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் ஒரு மணல் மேடு கட்டுங்கள். பிள்ளையின் பக்கம் ஒரு சிப்பியை வையுங்கள், நீங்கள் எதிர்ப்பக்கம் உட்காருங்கள். "எனக்குச் சிப்பி தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள். பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே மூன்று மலை பொம்மைகளை வைத்துச் செய்ததும் ஏறத்தாழ இதுதான்.

சொப்பு வைத்து விளையாடுவது, டீச்சர் விளையாட்டு எல்லாமே நல்லது. 1994ல் பெர்னரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்தவர்கள் உள்ள பிள்ளைகள் மாக்ஸி மாதிரியான கேள்விகளில் முன்னதாகவே தேறியிருந்தார்கள். ஒற்றைப் பிள்ளை என்றால் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் கலந்த வயதுப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள், சண்டை வந்ததும் ஓடிப்போய்ப் பிரிக்காதீர்கள்.

சண்டையில் நிஜமாகவே தலையிட வேண்டி வந்தால், "சாரி சொல்லு" என்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அன்று இரவு இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். "படம் அழகாகும்னு நினைச்சேன்" என்றாள் அவள். "வேணும்னே கெடுத்தாள்னு நினைச்சுட்டேன்" என்றான் அவன். பிறகு அவளிடம், "அண்ணன் படத்தை முடித்துவிட்டானா இல்லையா, உனக்கு அது தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள். இப்போது எதையாவது எடுக்கும் முன், "அண்ணா, இது முடிஞ்சிடுச்சா?" என்று கேட்கிறாள், எல்லா நாளும் இல்லை, பல நாள்.

ஒன்றரை வயதாகியும் பிள்ளை எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம் என்றால், மேலே சொன்னதையெல்லாம் செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம்.