கொல்லைக் குளமும் கொசுவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் பின்னால் எட்டுக்கு ஐந்து அடியில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, தவளைக்கும் தட்டானுக்கும் என்று குளம் அமைக்கிறவர்கள் மூன்றாவது வாரம் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். "கொசுப்புழு நெளியுதுண்ணே, என்னத்த ஊத்துறது?"

எதையாவது ஊற்றித்தான் ஆக வேண்டும் என்ற நினைப்பில்தான் வினையே தொடங்குகிறது. மண்ணெண்ணெய் ஊற்றாதே, கழிவு ஆயில் ஊற்றாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். கீழே இருப்பவை விவரம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள். குளம் பழகிய எல்லாரும் ஒரு காலத்தில் செய்தவைதான்.

மூன்றாவது வாரத்தில் பதறுவது

புதுக் குளத்துக்கு முதலில் குடிவருவது கொசுதான். மதுரை வெக்கையில் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். கொசுப்புழுவைத் தின்கிற பூச்சிகளோ மெதுவாகத்தான் வரும். மல்லாக்க நீந்தும் பூச்சியும் நீர்வண்டும் இரவில் பறந்து வந்து இறங்கச் சில வாரம் ஆகும். மழையோடு கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் முட்டையிட்டு, அதன் குஞ்சு நீருக்குள் வளர்ந்து முடிக்க ஐந்தாறு வாரமாவது ஆகும். மற்ற தட்டான்களுக்கு மாதக்கணக்கு. ஆகவே முதல் இரண்டு மாதம் கொசுவின் கை ஓங்கித்தான் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுப் புதுத்தண்ணீர் நிரப்பினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வந்து சேர்ந்த நாலு வேட்டைக்காரப் பூச்சிகளும் சாக்கடையில் போயிருக்கும்.

புழு கண்ணில் பட்டதும் முடிவெடுக்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் குவளை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயிலில், உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்காருங்கள். நிழல் பட்டால் புழுக்கள் குபுக்கென்று அடிக்கு இறங்கிவிடும். கரையோரம், செடி ஓரம் என்று பத்து இடத்தில் அள்ளிப் பாருங்கள். குவளையின் வெள்ளைச் சுவரை ஒட்டி, தலை கீழாகவும் வால் மேலாகவும் சாய்ந்து தொங்குபவை கொசுப்புழு. நீர்மட்டத்தோடு படுத்தாற்போல் கிடந்தால் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் வகை. மண்டை பெருத்து, காற்புள்ளிபோல் வளைந்து, உருண்டு உருண்டு இறங்குபவை கூட்டுப்புழு. பார்க்க வேண்டியது இந்தக் கடைசி ஆளைத்தான். பொடிப்பொடிப் புழு நிறைய இருந்து, பெரிய புழுவோ கூட்டுப்புழுவோ இல்லையென்றால் பிறக்கிறவை எல்லாம் தின்னப்படுகின்றன என்று பொருள். குளம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கூட்டுப்புழு குவளைக்கு நாலைந்து வந்தால்தான் தலையிட வேண்டும்.

'பி.டி. கொடுங்க' என்று மட்டும் கேட்பது

தலையிடுவதென்றால் அந்த இடைக்காலத்துக்கு ஏற்றது பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்துதான். அதன் நச்சு கொசுப்புழுவின் குடலுக்குள் போய்த்தான் வேலை செய்யும். தவளைக்குஞ்சையும் தட்டான் குஞ்சையும் தொடாது. ஆனால் உரக்கடையில் 'பி.டி.' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது குர்ஸ்டாகி என்ற வேறு வகை. அது கத்தரி, முட்டைக்கோஸ் செடியில் இருக்கும் புழுவுக்கானது. குளத்தில் ஒரு பாக்கெட்டைக் கொட்டினாலும் கொசுவுக்கு ஒன்றும் ஆகாது. உறையில் 'இஸ்ரேலென்சிஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. கொசுப்புழு மேல்மட்டத்தில் மேய்வதால் குளத்துக்கான மருந்துக் கணக்கு பரப்பளவை வைத்து எழுதப்பட்டிருக்கும், லிட்டரை வைத்து அல்ல. எட்டுக்கு ஐந்து அடி என்றால் 40 சதுர அடி, அதாவது சுமார் 3.7 சதுர மீட்டர். லேபிளில் சதுர மீட்டருக்குச் சொன்ன அளவை இதனால் பெருக்கினால் அனேகமாகச் சில கிராமோ சில மில்லியோதான் வரும். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மாலையில் கரையோரமாகத் தெளித்தால் போதும். கூடுதலாகக் கொட்டினால் நீரடியில் இருக்கும் கடிக்காத சிறு ஈக்களின் புழுவும் சாகும். அவைதான் மற்றவற்றுக்குச் சாப்பாடு. இன்னொன்று: கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் இந்த மருந்தில் சாகாது. தெளித்த மறுநாளும் இரண்டு நாள் கழித்தும் கொசு பறக்கிறதே என்று திரும்பத் தெளிக்க வேண்டாம். அது முன்பே கூட்டுப்புழு ஆகிவிட்டது.

கொசு மீன் விடுவது

எத்தனை முறை சொன்னாலும் கேட்காத தவறு இது. யாராவது ஒரு பாலித்தீன் பையில் பத்து கப்பியோ கம்பூசியாவோ கொண்டுவந்து, "இதை விடுங்க, ஒரு வாரத்துல கொசு போயிரும்" என்று கொடுப்பார். இலவசம் வேறு. மேல்தொட்டிக்கும் மூடிய சிமென்ட் தொட்டிக்கும் அந்த மீன் சரி. தவளைக்கும் தட்டானுக்கும் என்று வெட்டிய குளத்தில் அதை விடுவது, கோழிக்கூண்டுக்குள் கீரியை விடுகிற கதை.

கம்பூசியா அமெரிக்க மீன். 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்குக் கொசு ஒழிப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று ஐ.யு.சி.என். (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) நிபுணர் குழு போட்ட பட்டியலில் அது இருக்கிறது. ஏனென்றால் வாய்க்குள் போகிற எதையும் விடாது. தவளை முட்டை, தலைப்பிரட்டை, முட்டையிலிருந்து வந்த பொடித் தட்டான் குஞ்சு, நீர்த்தெள்ளு எல்லாம் அதற்கு ஒன்றுதான். பெரிய தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துக் கடித்தே சாகடிக்கும்.

திருநகர்ப் பக்கம் ஒரு வீட்டுக் குளத்தில் நடந்ததைப் படிப்படியாகச் சொன்னால் விளங்கும். ஆடியில் குளம் வெட்டினார்கள். ஆவணியில் கொசுப்புழு தெரிந்ததும் பத்துப் பன்னிரண்டு மீன் விட்டார்கள். ஒரு மாதம் எல்லாம் சுத்தம், வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. மீன்கள் முதலில் தீர்த்துக்கட்டியது நீர்த்தெள்ளை. பச்சைப் பாசியை வடிகட்டித் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருந்தது அந்தக் கடுகளவுப் பூச்சிதான். அது போனதும் தண்ணீர் பசலைக்கீரை அரைத்துக் கலக்கியதுபோல் ஆனது. 'பாசிக்கு மருந்து' என்று மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது, நத்தை செத்தது, பாசி அழுகியதில் ஆக்சிஜன் குறைந்து பாதி மீனும் மிதந்தது. நாற்றத்துக்குத் தேடி வந்தது கியூலெக்ஸ் கொசு. அழுக்குத் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த பிரசவ அறை. கரையோரம் இரண்டு விரல் ஆழத்தில், அழுகிய செடிக்குள் அது முட்டையிட்டது. மிச்ச மீன் அங்கே நுழையவே முடியவில்லை. ஐப்பசியில் ஊரெல்லாம் தவளை கத்தியபோது அந்தக் குளத்தில் சத்தமே இல்லை.

மீனை எடுத்துவிடலாமே என்றால், வலையால் முடியாது. இவை குட்டி போடும் மீன்கள். ஒரு பெண் மீன் ஆணின் விந்தை உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து, ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒன்று தப்பினாலும் போதும், மறுபடி குளம் நிறையும்.

எடுக்க ஒரே வழி காயவிடுவதுதான். மாசியிலேயே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். பங்குனிக் கடைசியில் மட்டம் இறங்கியதும் மிச்சத்தைக் கொசுவலைத் துணி வழியாக வடிகட்டி இறைத்து, வாழைப் பாத்தியிலோ தென்னைப் பாத்தியிலோ ஊற்றுங்கள். வாய்க்காலில் விடாதீர்கள். செடிகளை இரண்டு வாளித் தண்ணீரில் அலசி, தனித் தொட்டியில் இரண்டு வாரம் வைத்து, குட்டி மீன் தெரிகிறதா என்று பாருங்கள். சேறு பாளம் பாளமாக வெடிக்கும்வரை, பத்து நாளாவது, சித்திரை வெயிலில் காயட்டும். குட்டி போடும் மீன் என்பதில் இங்கே மட்டும் ஒரு லாபம்: சேற்றுக்குள் முட்டை மிஞ்சாது. பிடித்த மீனைக் கோழிக்குப் போடுங்கள், அல்லது மூடிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கண்மாயில் மட்டும் விடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் குளம் பொங்கினால் மீனே வாய்க்கால் பிடித்துத் தென்கால் கண்மாய்க்கோ மாடக்குளத்துக்கோ போய்ச் சேர்ந்துவிடும்; நாமும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை.

நாட்டு மீன் விடலாமா என்று அடுத்த கேள்வி வரும். அயிரை அடிமண்ணில் மேய்வது; மேலே தொங்கும் கொசுப்புழுவுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஜிலேபி நாட்டு மீனே இல்லை, விட்டால் அடியைக் கிளறிச் செடியைப் பெயர்க்கும். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, மேல்மட்டத்திலேயே நிற்கும் சின்னக் கண்மாய் மீன் நன்றாகவே கொசுப்புழு தின்னும். அதைக் கிணற்றில் விடுங்கள். தவளைக் குளத்துக்கு மீனே வேண்டாம்.

குளத்தை மட்டுமே பார்ப்பது

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுவருள்ள பாத்திரங்களைத் தேடும். குளத்திலிருந்து பத்தடியில் இருக்கும் பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் டப்பா, கொட்டாங்குச்சி, மூடி சரியில்லாத சம்ப், பயன்படுத்தாத கழிப்பறையின் பிளஷ் தொட்டி ஆகியவற்றை முதலில் பாருங்கள். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டு உள்சுவரைத் தேய்க்க வேண்டும்.

குளத்திலேயே ஒளிவிடம் ஒன்று உண்டு: தார்ப்பாய் மடிப்பு. கோடையில் வாரத்துக்கு நாலைந்து செ.மீ. மட்டம் இறங்கும்போது மடிப்பிலும் செடி வைக்கும் படியிலும் ஒரு டம்ளர் தண்ணீர் தனியாகத் தங்கும். வேட்டைக்காரப் பூச்சிகள் எல்லாம் நடுக்குளத்தில், கொசுப்புழு மட்டும் மடிப்பில். மடிப்பைப் பொடி ஜல்லியால் அடைத்து, படியை உட்பக்கம் லேசாகச் சரித்துவிட்டால் தீர்ந்தது. குறைந்த தண்ணீரை அன்றன்று கொஞ்சமாக ஊற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் வைத்து ஊற்றுங்கள். அந்த வாளியைத் துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே கொசு வந்துவிடும்.

அருவருப்பாக இருப்பதை அள்ளி எறிவது

வலை போட்டு முதலில் வெளியே எறியப்படுவது தட்டான் குஞ்சு. சேறு நிறம், ஆறு கால், பூதக் கண்ணாடி தேவைப்படாத அளவுக்கு அசிங்கம். அதன் கீழ்த்தாடை மடித்து வைத்த கைபோல முகத்துக்கு அடியில் இருக்கும். கொசுப்புழு எட்டும் தூரத்தில் வந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் நீண்டு கவ்வி இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, முதுகில் சீத்தாப்பழத் தோல்போல் அடுக்கடுக்காக ஏதோ ஒட்டிக்கொண்டு அலையும் தட்டைப் பூச்சி. நோய் வந்த வண்டு என்று எறிகிறார்கள். அது ஆண், முதுகில் இருப்பது பெண் ஒட்டிவைத்த முட்டைகள். அதுவும் கொசுப்புழு தின்னிதான். கையில் பிடித்தால் இதுவும் நீர்த்தேளும் மல்லாக்க நீந்தும் பூச்சியும் சுருக்கென்று குத்தும். பிடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

அழுகிய வேப்பிலையை அள்ளும்போது அதைக் கரையில் நிழலாக ஒரு மணி நேரம் குவித்து வையுங்கள். உள்ளே இருப்பவை தண்ணீருக்குத் திரும்பிவிடும்.

'இயற்கைதானே' என்று வேப்பெண்ணெய் ஊற்றுவது

வேப்பெண்ணெய் பூச்சியின் தோலுரிப்பைக் கெடுத்துத்தான் கொல்கிறது. தட்டான் குஞ்சு பத்துத் தடவைக்கு மேல் தோல் உரிக்கும். மிச்சத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகாயத்தாமரையால் மூடுவது

மூடினால் கொசு முட்டையிடாது என்பது பாதி உண்மை. மான்சோனியா என்ற கொசுவின் புழு மேலே வந்து மூச்சு விடுவதே இல்லை. ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை வேரில் குழாயைக் குத்தி அங்கிருந்தே காற்று எடுத்துக்கொள்ளும். குவளையில் சிக்காது, மேலே தெளிக்கும் மருந்துக்கும் எளிதில் அகப்படாது. மிதக்கும் செடி அறவே வேண்டாம். அல்லி மூன்றில் ஒரு பங்கு பரப்பை மூடினால் போதும்.

அல்லியில் அசுவினிக்குச் சோப்புத் தண்ணீர்

வேண்டாம். சோப்பு, தண்ணீரின் மேல்தோலை உடைக்கும், மேலே நடக்கும் பூச்சிகள் மூழ்கும். குழாயால் பீய்ச்சி அடியுங்கள், அல்லது இலையை ஒரு கல் வைத்து இரவு முழுக்க முக்கி வையுங்கள்.

விளக்கடியில் மொய்ப்பதெல்லாம் கொசு என்பது

குளத்தடியில் ரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்களிலிருந்து வருபவை இவை. கொசு மாதிரி இருக்கும், ஆனால் குத்தும் ஊசிவாய் கிடையாது. குளத்துப் பக்கம் வெள்ளை டியூப்லைட்டுக்குப் பதில் மஞ்சள் எல்.இ.டி. போட்டால் மொய்ப்பது குறையும்.

தேனீயை விரட்டுவது

தண்ணீர் குடிக்க வருகிறது. ஓரத்தில் நாலு கூழாங்கல் போடுங்கள்.

நீல விளக்குப் பூச்சிக்கொல்லி மாட்டுவது

அதில் சாவது பெரும்பாலும் கொசு அல்ல, மற்ற பூச்சிகள்தான். கழற்றிவிடுங்கள்.