வால்பேப்பர் ஆப்புக்கு உங்கள் காலண்டர் எதற்கு?

தண்டையார்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் போன வாரம் வந்து, "தம்பி, போன் இன்னாத்துக்கு இவ்ளோ ஸ்லோவா கீது?" என்று கேட்டார். வேண்டாத ஆப்புகளை அவரையே பக்கத்தில் உட்காரவைத்து நீக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வால்பேப்பர் ஆப், காலண்டர் அனுமதியோடு உட்கார்ந்திருந்தது.

அவர் காலண்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சீட்டுப் பணம் கட்டும் தேதி, மீன்பிடித் தடை முடிந்து போட் கடலுக்குப் போகும் ஜூன் 15. கூடவே, வேறு ஊரில் இருக்கும் மகள் பகிர்ந்திருந்த காலண்டரில் அவள் மாத செக்கப் நாள்கள். ஆண்ட்ராய்டில் ஓர் ஆப்புக்கு அனுமதி தந்தால், போனில் சேர்ந்திருக்கும் எல்லாக் காலண்டரும் அதற்குத் தெரியும். அக்கா ஒரு பட்டனைத் தட்டினார். மகளின் விவரமும் திறந்துகொண்டது. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

சரி, உங்கள் போனை எடுங்கள். செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் 'பெர்மிஷன் மேனேஜர்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறுவதால் தேடுவதே சுலபம். அதில் காலண்டரைத் திறந்தால் அனுமதி பெற்ற ஆப்புகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் பார்த்து, 'இதற்கு என் தேதிகளோடு என்ன வேலை?' என்று கேளுங்கள். பதில் இல்லையா, அதைத் தொட்டு 'டோன்ட் அலோ' கொடுத்துவிடுங்கள்.

ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, காலண்டர்ஸ் என்று போக வேண்டும். 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல், நிகழ்ச்சியைச் சேர்க்க மட்டும் விடுவது தனி, முழுதாகப் படிக்க விடுவது தனி. சேர்ப்பது மட்டும் போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள்.

ஆண்ட்ராய்டில் இந்தப் பாதி அனுமதி கிடையாது. ஆனால் டிக்கெட் தேதியைக் குறித்துவைக்க அனுமதியே தேவைப்படாத வழி உண்டு. ஆப் உங்கள் காலண்டரைத் திறந்து, விவரத்தை நிரப்பிக் காட்டும். நீங்கள் 'சேவ்' அழுத்தினால் போதும். பல ஆப்புகள் இப்படித்தான் செய்கின்றன. அதனால் முதலில் மறுத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் ஓடும் போன்களில் இரண்டு முறை மறுத்தால் அந்த ஆப் திரும்பக் கேட்காது. பிறகு தேவைப்பட்டால் இதே செட்டிங்ஸில் தரலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அனுமதியை எடுத்தால் இனிமேல் படிப்பதுதான் நிற்கும். ஏற்கெனவே வெளியே போனது திரும்பி வராது, அந்த ஆப் எழுதிவைத்த நிகழ்ச்சிகளும் தானாக அழியாது. அவற்றைக் காலண்டரில் தேடி நீங்களே நீக்க வேண்டும்.

அக்கா அந்த ஆப்பையே தூக்கிவிட்டார். அப்புறம் கடை வாசலில் நின்றபடியே மகளுக்குப் போன் போட்டு, "உன் போனையும் பாரும்மா" என்றார்.