மனித இனப்பெருக்கப் பாடம்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செரிமான மண்டலத்துக்கு ஆறு பீரியட் எடுத்த நான், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இனப்பெருக்க மண்டலத்தை ஒன்றரை பீரியடில் முடித்தேன். தேர்வில் எல்லோரும் பாகங்களைச் சரியாகவே குறித்திருந்தார்கள். அதனால் பாடம் புரிந்துவிட்டது என்று நம்பினேன். பிறகு ஒருநாள் வெற்றுத்தாளைக் கொடுத்து, பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பக்கவாட்டில் வரையச் சொன்னேன். கருப்பையும் சிறுநீர்ப்பையும் ஒரே குழாய் வழியாக வெளியே வருவதாகப் பலரும் வரைந்திருந்தார்கள். மாணவிகளும் அப்படித்தான் வரைந்திருந்தார்கள்.

தவறு என்னுடையது. முன்பக்கத் தோற்றப் படம் ஒன்றை மட்டும் காட்டி நிறுத்தியிருந்தேன். அதில் சிறுநீர்ப்பையே கிடையாது. பக்கவாட்டுப் படத்தில்தான் முன்னால் சிறுநீர்த் திறப்பு, நடுவில் யோனித் திறப்பு, பின்னால் மலவாய் என மூன்றும் தனித்தனி என்பது தெரியும். சினைப்பையும், முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுசெல்லும் ஃபலோப்பியன் குழாயும் ஒட்டிப் பிறந்தவை போலப் படங்களில் இருக்கும். உண்மையில் இரண்டும் நேரடியாக இணைந்தவை அல்ல. சினைப்பையிலிருந்து வெளிவரும் கருமுட்டையை, குழாயின் முனையிலுள்ள விரல் போன்ற நீட்சிகள் அள்ளி உள்ளே அனுப்புகின்றன. அளவையும் சொல்லுங்கள். கருப்பையின் நீளம் ஏறக்குறைய 7.5 செ.மீ. தான். ஸ்கேலை எடுத்துக் காட்டினால் வகுப்பே வியக்கும். வயிறு முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும் உறுப்பு என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள்.

‘அந்த இடம்’, ‘கீழே’ என்று பூசி மெழுகாதீர்கள். யோனி, ஆண்குறி, விந்தகம் என்ற சொற்களை இதயம், நுரையீரல் என்று சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். பெயர் தெரியாத உறுப்பில் வலி வந்தால் ஒரு பிள்ளை அதை மருத்துவரிடம் எப்படிச் சொல்லும்?

அடுத்தது 28 நாள் கணக்கு. பாடநூல் வரைபடத்தில் சுழற்சி 28 நாள், 14ஆம் நாளில் முட்டை வெளியேற்றம் என்றிருக்கும். அது ஒரு சராசரி மாதிரிதான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஒருமுறை பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மேஜையருகே வந்து நின்றாள். “மிஸ், எனக்கு 38 நாள் ஆகுது. எனக்கு ஏதாவது நோயா?” என்று கேட்டபோது அவள் குரல் நடுங்கியது. பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரையும், பருவமடைந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரையும் இயல்புதான். அதை வகுப்பில் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அத்தனை நாள் பயந்திருக்க மாட்டாள்.

அந்த 14ஐயும் தலைகீழாகத்தான் நடத்துகிறோம். முட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையுள்ள காலம்தான் ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்கு முந்தைய பகுதிதான் அதிகமாக நீளும், குறுகும். எனவே 35 நாள் சுழற்சியில் முட்டை ஏறக்குறைய 21ஆம் நாள் வெளிவரும். முட்டை அதிகபட்சம் ஒரு நாள் உயிர்ப்புடன் இருக்கும். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை இருக்கக்கூடும். ‘14ஆம் நாள் மட்டும்தான்’ என்ற தவறான நம்பிக்கையோடு ஒரு மாணவர் வகுப்பைவிட்டுப் போனால், அதன் விளைவு மதிப்பெண்ணோடு நிற்காது.

கருவுறுதலை ஓட்டப்பந்தயமாகச் சொல்லும் பழக்கத்தையும் விடவேண்டும். முதலில் வந்த விந்தணு ஜெயித்தது என்று சொன்னால் பிள்ளைகள் ரசிப்பார்கள், ஆனால் அது சரியல்ல. கருப்பைத் தசைகளின் அசைவும் விந்தணுக்களை நகர்த்துகிறது. பெண்ணுடலுக்குள் சில மணி நேரம் இருந்து மாற்றமடைந்த பிறகுதான் விந்தணுவால் முட்டைக்குள் நுழைய முடியும். ஒன்று நுழைந்ததும் முட்டை தன் உறையை மாற்றி மற்றவற்றைத் தடுக்கிறது. முட்டை சும்மா காத்துக் கிடப்பதில்லை.

இதோடு ஒட்டிவருவது ‘ஆண் விதை, பெண் நிலம்’ என்ற உவமை. நம் மொழியிலேயே விதைப்பை என்ற சொல் இருப்பதால் அது எளிதாக வாயில் வந்துவிடுகிறது. 1694இல் டச்சு அறிஞர் ஹார்ட்சூக்கர் விந்தணுவுக்குள் ஒரு குட்டி மனிதன் குந்தியிருப்பதாகப் படம் வரைந்தார். பாலூட்டியின் கருமுட்டையை உயிரியலாளர் வான் பேயர் கண்டறிந்தது 1827இல்தான். 1876இல் ஜெர்மன் விலங்கியலாளர் ஹெர்ட்விக், முள்ளுடல் கொண்ட கடல் உயிரியான கடல் முள்ளெலியின் முட்டைக்குள் விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் இணைவதைப் பார்த்தார். மனிதக் கருவுக்குத் தாய், தந்தை இரு பக்கமிருந்தும் தலா 23 குரோமோசோம்கள் வருகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஏறக்குறைய முழுவதும் முட்டையிலிருந்தே வருகிறது. இந்த வரலாற்றைச் சொல்லிப் பாருங்கள், உவமை தானாக உதிர்ந்துவிடும்.

நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மாதவிடாயில் வெளியேறுவது கெட்ட ரத்தம் அல்ல. கருப்பையின் உட்சுவர்த் திசுவும் சாதாரண ரத்தமும்தான். மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு இதை மாணவிகளுக்கு மட்டும் நடத்தாதீர்கள்.

சிரிப்பு வந்தால் அதட்டவும் வேண்டாம். கூச்சம்தான் அப்படி வெளிவருகிறது, இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். பெயர் எழுதாத சீட்டில் கேள்வி போட ஒரு பெட்டி வையுங்கள். பதில் தெரியாவிட்டால் “நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வாக்குறுதியை மட்டும் தரவே கூடாது. இந்தப் பாடம் நடக்கும் வாரத்தில்தான், தனக்கு யாரோ தீங்கு செய்வதை ஒரு பிள்ளை முதல்முறையாக வாய்திறந்து சொல்லக்கூடும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று கேட்கும். நானும் ஒருமுறை சரியென்று தலையாட்டப் போனேன். நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதை முன்பே மனதில் தயாராக வைத்திருங்கள்: “நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல. உன்னைப் பாதுகாக்க இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உனக்கு முதல்ல சொல்லிட்டுத்தான் போவேன்.”