எகிப்திய நீலமணியைத் திருநெல்வேலியில் செய்யும் முறை

எகிப்தியர்கள் மூன்றாம் துட்மோஸ் ஆட்சிக்காலத்தில், அதாவது கி.மு. 15ஆம் நூற்றாண்டில், கண்ணாடிக் குப்பிகளைச் செய்யத் தொடங்கினார்கள். களிமண்ணும் சாணமும் கலந்து பிடித்த உருவின் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறியபின் உள்ளிருக்கும் மண்ணைச் சுரண்டி எடுப்பது அவர்களுடைய முறை. அதற்குக் கடுஞ்சூடும் தேர்ந்த கையும் வேண்டும் என்பதால், புதிதாகத் தொடங்குவோர் அந்தக் குப்பிகளைவிட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்த ஃபயான்ஸ் மணியில், அதாவது வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) தூளைச் சோடாவுடன் பிசைந்து சுடும் இந்த நீலமணியில், கைவைப்பதே நல்லது. தனியாகப் பூச்சு பூசாமலேயே அதன் மேல் பளபளப்பு தானாக வந்துவிடும்.

மாவுக்கு எடை அளவில் வெங்கச்சங்கல் தூள் 36 பங்கு, சோடா ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தின் தூள் 40 பங்கு, வெள்ளைக் களிமண் 12 பங்கு, ஆப்பச்சோடா 6 பங்கு, ஈரமில்லாத சலவைச்சோடா 6 பங்கு எடுத்து, அவற்றுடன் செம்புக் கார்பனேட் 3 பங்கு சேர்க்க வேண்டும். தேரி மணலும் குளத்து மண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இலவசமாகக் கிடக்கின்றனவே என்று தோன்றும். ஆனால் அவற்றிலுள்ள இரும்பு நீலத்தை அழுக்குப் பச்சையாக்கிவிடும். செம்புக்காக மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) வேண்டாம், சூளையில் கந்தகப் புகை கிளப்பும். வெங்கச்சங்கல் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

சோடாக்களை வெந்நீரில் கரைத்து, அந்த நீரையே சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். களிமண்ணைப் போல இந்த மாவு இழுபடாது, உதிரும் குணமுடையது. ஆகையால் சிறிய மணிகளாகவே உருட்டி, ஈரம் இருக்கும்போதே துளையிட்டு, கம்பியில் கோத்துக் காற்றாட விடுங்கள்.

இந்த வேலையின் உயிரே உலர்த்துவதில்தான் இருக்கிறது. நீர் ஆவியாகும்போது உள்ளே கரைந்திருக்கும் சோடாவும் வெளியே வந்து, உப்பளப் பாத்தியின் ஓரத்தில் படிவதைப்போல மணியின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும். சூளையில் உருகிக் கண்ணாடியாவது இந்தப் பொருக்குத்தான். விரல் பட்டு அது உதிர்ந்த இடம் சுட்டபின் மங்கலாகவே நிற்கும். தரையில் கிடத்திய மணியின் அடிப்பக்கத்திலும் பளபளப்பு சரியாக வராது. சாரல் காலத்தில் காற்றின் ஈரம் உலர்தலைத் தாமதப்படுத்தும் என்பதால், கோடையில் செய்வதே என் பரிந்துரை.

சுடுவதற்கு மின்சூளை சிறந்தது. ஹீட்டர் காயில் பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும் நிக்ரோம் கம்பியில், ஒன்றோடொன்று ஒட்டாதபடி மணிகளைத் தொங்கவிட்டு, மெதுவாகச் சூடேற்றி 900 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோக வேண்டும். காருகுறிச்சிப் பக்கத்துக் குயவர்களின் விறகுச் சூளையில் வைப்பதானால் மூடியிட்ட பானைக்குள் வையுங்கள். புகை சூழ்ந்து ஆக்சிஜன் குறைந்தால் செம்பு நீலம் தராமல் செம்மையோ கறுப்போ ஆகிவிடும். அந்தச் சூளைகளில் வெப்பம் இடத்துக்கு இடம் மாறுவதால், முதலில் இரண்டொரு மணிகளை மட்டும் வைத்துப் பார்ப்பது நல்லது.

அடர்நீலம் வேண்டுவோர் செம்புக்குப் பதிலாகக் கோபால்ட் கார்பனேட்டை அரைப் பங்குக்கு மிகாமல் சேர்க்கலாம். எகிப்தியர்கள் கோபால்ட்டைக் கார்கா, தாக்லா பாலைவனச் சோலைகளின் படிகாரத்திலிருந்து பெற்றார்கள். ஊதா நிறத்துக்கு மாங்கனீசு போதும். சூளை முழுவதும் ஆறியபின் மணிகளைக் கழற்றி மாலையாகக் கோக்கலாம். இதே மாவில் கிண்ணம் செய்தால் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது, புளிப்புப் பட்டால் அதிலுள்ள செம்பு கரைந்து வெளிவரும்.