கணுக்கால் நரம்புக்கு கரண்ட் குடுக்கறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

ரெண்டு புது பிசியோ பிள்ளைங்க காரைக்குடில என்கிட்ட வேலை பழக வந்திருக்காங்க. அவசரமா, அடக்கமுடியாம அடிக்கடி யூரின் வர்றவங்களுக்கு கணுக்கால்கிட்ட மெல்லிசா ஒரு ஊசி போட்டு, கால் நரம்பு வழியா லேசா கரண்ட் குடுக்கற ட்ரீட்மென்ட் இது. நான் அப்ப பண்ணின அதே தப்ப இவங்களும் பண்றாங்க, அதான் எழுதுறேன். பேட் காஞ்சுபோச்சு, வயர் கழண்டுபோச்சுங்கற கதையெல்லாம் விட்டுடறேன்.

டைரி இல்லாம ஆரம்பிக்கறது

இத நெனச்சா இன்னமும் எரிச்சலா வருது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி, முகப்புக்குப் பக்கத்து ரூம்ல படுப்பாங்க, கக்கூஸ் பின்கட்டுல, ராத்திரி எந்திரிச்சா வளவு தாண்டி ரெண்டாங்கட்டு தாண்டி ஒவ்வொரு தூணா புடிச்சுக்கிட்டு போகணும், பாதி நாள் போய்ச்சேர்றதுக்குள்ள சேலை நனைஞ்சிரும். நான் எதையும் எழுதி வாங்காம மெஷின மாட்டிட்டேன். அஞ்சாவது வாரம் கேட்டா, "அப்புடியேதான் இருக்கு தம்பி"ன்னாங்க. நிப்பாட்டிட்டேன். அப்புறம்தான் அவங்க மக சொன்னாங்க, ராத்திரி அஞ்சு தடவ எந்திரிச்சவங்க மூணா கொறைச்சிருந்தாங்களாம். கொஞ்ச நாள்ல பழையபடி ஆகி, மறுபடி மொதல்லேர்ந்து அத்தன வாரமும் பஸ் ஏறி வந்தாங்க.

வாரம் ஒரு தடவ, 30 நிமிஷம், 12 வாரம், இதுதான் கணக்கு. நெறைய பேருக்கு ஆறு வாரம் தாண்டித்தான் வித்தியாசமே தெரிய ஆரம்பிக்கும். அதனால மொத நாளைக்கு முன்னாடியே மூணு நாள் டைரி வாங்குங்க: எத்தன மணிக்கு, எத்தன மில்லி, அவசரமா வந்துச்சா, நனைஞ்சுச்சா, என்ன குடிச்சாங்க. எழுத வராதவங்கள காலண்டர் தாள் பின்னாடி கோடு போடச் சொல்லுங்க, போதும்.

விரலப் பாக்காம கரண்ட ஏத்தறது

உள்பக்க கணுக்கால் மொழிக்கு மூணு விரக்கட மேல, எலும்புக்கு ஒட்டிப் பின்னால ஊசி போகணும். சரியா உக்காந்தா பெருவிரல் மடங்கும், இல்ல விரலெல்லாம் விரியும், உள்ளங்கால்ல சுருசுருன்னு இருக்கும். ஒண்ணும் வரலன்னா இடம் தப்பு, ஊசிய மாத்திப் போடுங்க. இந்த நரம்புக்கும் யூரின் பைக்குப் போற நரம்புக்கும் முதுகுத்தண்டுல வேர் ஒண்ணுதான், நரம்பத் தொடலன்னா அங்க எதுவும் போய்ச்சேராது.

யூரின் டெஸ்ட் பாக்காம விடறது

இன்ஃபெக்‌ஷன் இருந்தா மொதல்ல அதுக்கு மருந்து.

பேஸ்மேக்கர்

நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்காங்களான்னு கேக்காம ஊசிய எடுக்காதீங்க. மாசமா இருக்காங்களான்னும் கேளுங்க.

12 முடிஞ்சதும் அனுப்பிடறது

நல்லா ஆனவங்களுக்கும் விட்டா திரும்ப வரும். மாசம் ஒரு தடவ மாதிரி வரச் சொல்லுங்க, ஆளப் பாத்து இடைவெளிய மாத்திக்கலாம். அந்த ஆச்சி இன்னைக்கும் மாசாமாசம் வர்றாங்க, சுருக்குப்பைல மூணு காலண்டர் தாள மடிச்சு எடுத்துக்கிட்டு.