வயர்கார்டு மக்கர் செய்தால்: எங்கே பார்ப்பது, என்ன எழுதி அனுப்புவது

வயர்கார்டு என்பது போனின் இணைய டிராஃபிக்கைப் பூட்டி, வேறொரு சர்வர் வழியாகக் கொண்டுபோகும் விபிஎன். அதன் ஆண்ட்ராய்டு செயலியில் பட்டனைத் தள்ளியதும் போனின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு சாவிப் படம் வந்துவிடும். 'கனெக்ட் ஆகிவிட்டது, ஆனால் நெட் வரவில்லை' என்று வருகிற புகார்களில் நிறைய அந்தப் படத்தை நம்பி எழுதப்பட்டவை. அது வந்திருந்தால், ஆண்ட்ராய்டு தன் டிராஃபிக்கை இந்தச் செயலியிடம் ஒப்படைத்துவிட்டது, அவ்வளவுதான். மறுமுனையில் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பது சாவிப் படத்துக்குத் தெரியாது. சர்வரே இல்லாத ஒரு ஐபியைப் போட்டு ஆன் செய்து பாருங்கள், அப்போதும் ஜம்மென்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய இந்தப் புரோட்டோகால் 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்தது. கெர்னலுக்குப் போன கோடு (நிரல்) மொத்தமே சுமார் 4,000 வரிகள். ஓபன்விபிஎன், ஐபிசெக் என்ற பழைய விபிஎன் முறைகளின் பக்கம் இருக்கிற மூட்டையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. சின்னதாக இருப்பதால் புரோட்டோகாலே தப்பு செய்வது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும், அதாவது ஆண்ட்ராய்டில், சிம் கம்பெனியின் நெட்வொர்க்கில், சர்வரின் ஃபயர்வாலில், அல்லது எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பு). அதனால் பக் என்று எழுதப் போவதற்கு முன்னால் எந்த அடுக்கில் உடைகிறது என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

இரண்டு எண்களில் ஆரம்பியுங்கள்

செயலியில் டன்னலின், அதாவது நீங்கள் ஏற்றிவைத்த இணைப்பின், பெயரைத் தொட்டு உள்ளே போனால், அடியில் ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்று இரண்டு எண்கள் ஓடும். ஆர்எக்ஸ் என்றால் வந்தது, டிஎக்ஸ் என்றால் போனது. புது வெர்ஷன்களில் கடைசி ஹேண்ட்ஷேக் (போனும் சர்வரும் சாவி காட்டி அறிமுகமாகும் பேச்சு) எப்போது நடந்தது என்பதும் தெரியும்.

ஆர்எக்ஸ் 0, டிஎக்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்று வையுங்கள். இப்போது டிஎக்ஸ் எண்ணை 148-ஆல் வகுத்துப் பாருங்கள். வயர்கார்டின் முதல் ஹேண்ட்ஷேக் பாக்கெட் எப்போதும் 148 பைட்தான், கூடவும் செய்யாது குறையவும் செய்யாது. பதில் வராவிட்டால் சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை மறுபடி அனுப்பும். ஆக 740 பைட் என்று காட்டினால், செயலி ஐந்து தடவை கதவைத் தட்டியிருக்கிறது, யாரும் திறக்கவில்லை. செயலி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டாம்.

திறக்காததற்குக் காரணம் என்ன என்று சர்வர் சொல்லாது. சாவி (கான்ஃபிக்கில் இருக்கும் நீண்ட எழுத்துக் கோவை) ஒத்துப்போகாத பாக்கெட் வந்தால், வீட்டில் ஆள் இருந்தும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி, வயர்கார்டு பதிலே போடாது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே தப்பான சாவி, தப்பான போர்ட், மூடிய ஃபயர்வால், செத்துப்போன சர்வர், நான்கும் போனிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும் வலைத்தளங்களில் சோதிப்பதும் வீண்; பாக்கெட் அனுப்ப டிசிபி, யுடிபி என்று இரண்டு முறைகள் உண்டு, அந்தத் தளங்களில் பெரும்பாலானவை டிசிபியைப் பார்ப்பவை, வயர்கார்டு ஓடுவது யுடிபியில், அதிலும் அது அந்நியனுக்கு வாய் திறக்காது.

சர்வர் உங்களுடையது என்றால் அங்கே போய், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டி, வயர்கார்டின் போர்ட்டுக்கு (வழக்கமாக 51820) பாக்கெட் வருகிறதா என்று பாருங்கள். வரவே இல்லை என்றால் வழியில் தடை. கிளவுட் சர்வரில் இதற்கு அடிக்கடி கிடைக்கும் காரணம், கண்ட்ரோல் பேனலில் 51820-ஐத் திறந்துவிட்டு பக்கத்தில் டிசிபி என்று விட்டிருப்பது. பாக்கெட் வருகிறது, பதில்தான் போகவில்லை என்றால் சாவிகளைச் சரிபாருங்கள். சாவியும் சரியென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆமாம், கடிகாரம்தான். ஹேண்ட்ஷேக்கில் நேரமுத்திரை ஒன்று போகும்; முன்பு வந்ததைவிடப் பழைய நேரம் வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்து சர்வர் தள்ளிவிடும். போனில் இது அரிது, ஆனால் கடிகார பேட்டரி இல்லாத ராஸ்பெரி பை மாதிரி பெட்டிகள் மின்சாரம் போய் வந்ததும் இதில் நன்றாகவே மாட்டிக்கொள்ளும்.

ஆர்எக்ஸ் 92-இல் ஆரம்பித்து, 32 32 பைட்டாக மட்டும் நகர்கிறதா? அப்படியானால் ஹேண்ட்ஷேக் முடிந்துவிட்டது. 92 என்பது சர்வரின் பதில் பாக்கெட், 32 என்பது 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் வெற்று கீப்அலைவ். சர்வர் வரைக்கும் போகிறது, சர்வரிலிருந்து வெளியே போகவில்லை. ஐபி ஃபார்வர்டிங் (வந்த பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுவது) ஆன் ஆகியிருக்கிறதா, நாட் விதி (போனின் டன்னல் ஐபியை சர்வரின் ஐபியாக மாற்றி அனுப்புவது) இருக்கிறதா, சர்வர் கான்ஃபிக்கில் உங்கள் போனின் டன்னல் ஐபி 'அலவ்டு ஐபி'யில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதுவும் செயலியின் பக் இல்லை.

வருகிறது, ஆனால் ஒழுங்காக இல்லை

பிரவுசரில் 1.1.1.1 என்று அடித்தால் பக்கம் வருகிறது, பெயர் போட்டால் எதுவுமே வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவையில். கான்ஃபிக்கில் போட்ட டிஎன்எஸ் முகவரி டன்னல் வழியாக எட்டுகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஆண்ட்ராய்டு 9-லிருந்து இருக்கும் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பை ஒருமுறை ஆஃப் செய்து பாருங்கள்.

வாட்ஸப்பில் எழுத்து போகிறது, போட்டோ பாதியில் நிற்கிறது, சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன: இது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் வயர்கார்டு தன் உறையைப் போடுகிறது, ஐபிவி4-இல் 60 பைட், ஐபிவி6-இல் 80. 1500-லிருந்து 80 போக 1420, லினக்ஸில் வழக்கமாகக் கிடைப்பது அதுதான். ஆண்ட்ராய்டு செயலியில் எம்டியூ கட்டத்தைக் காலியாக விட்டால் அது 1280 எடுத்துக்கொள்ளும், அந்த அளவு அநேகமாக எந்த நெட்வொர்க்கிலும் தாண்டிவிடும். வம்பு எங்கே வருகிறது என்றால், யாரோ லினக்ஸுக்காக எழுதிய கான்ஃபிக்கில் 1420 என்று எழுதியே வைத்திருப்பார், அதை அப்படியே போனில் ஏற்றுவோம். ஜியோ மாதிரி உள்ளுக்குள் ஐபிவி6-இலேயே ஓடும் மொபைல் நெட்வொர்க்கில் ஐபிவி4 பாக்கெட் வழியில் ஐபிவி6 ஆக மாற்றப்படும்போது தலைப்பகுதியே 20 பைட் கூடிவிடும். வைஃபையில் நன்றாக ஓடி மொபைல் டேட்டாவில் மட்டும் இப்படி இழுத்தால் முதலில் 1280 போட்டுப் பாருங்கள்.

விட்டு விட்டு வருகிறது, ஒரு நிமிடம் நன்றாக இருக்கிறது, அடுத்த நிமிடம் செத்துவிடுகிறது. அதே கான்ஃபிக்கை லேப்டாப்பிலும் போட்டிருக்கிறீர்களா? சர்வருக்கு ஆள் அடையாளம் சாவி மட்டும்தான். ஒரே சாவியோடு இரண்டு கருவிகள் பேசினால், கடைசியாக யார் பேசினாரோ அவர் முகவரிக்கே பதிலை எல்லாம் அனுப்பும், இரண்டும் மாறி மாறிப் பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி, தனி ஐபி. இந்த ஒரு காரணத்தால் எழுதப்படும் 'அன்ஸ்டேபிள்' புகார்களைப் பார்த்தாலே எனக்குச் சலிப்பாக இருக்கும்.

வீட்டு சர்வருக்கு டைனமிக் டிஎன்எஸ் (ஐபி மாறினாலும் ஒரே பெயரில் பிடிக்க வைக்கும் சேவை) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. சர்வரின் பெயரை வயர்கார்டு டன்னலை ஆன் செய்யும்போதுதான் ஐபியாக மாற்றிக்கொள்கிறது. வீட்டில் ரவுட்டர் மறுபடி ஆன் ஆகி ஐபி மாறினால், போன் பழைய முகவரிக்கே தட்டிக்கொண்டிருக்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். லினக்ஸில் இதற்கென்றே ஒரு ஸ்கிரிப்டை வயர்கார்டு கருவிகளோடு சேர்த்தே தருகிறார்கள்.

ஸ்கிரீன் அணைந்து கொஞ்ச நேரத்தில் நின்றுபோகிறது என்றால் பேட்டரி அமைப்பில் இந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக இருந்தால் அதையும். வெளியிலிருந்து போனுக்கு ஏதாவது வந்துசேர வேண்டும் என்றால் மட்டும் கீப்அலைவை 25 விநாடி வையுங்கள். தேவையில்லாமல் வைத்தால் போனின் ரேடியோ தூங்கவே தூங்காது, அப்புறம் 'பேட்டரி தின்கிறது' என்று இன்னொரு புகார்.

பக் இல்லாதவை

வயர்கார்டிடம் டிசிபி வழியாகப் போகச் சொல்லிக் கேட்காதீர்கள், டிராஃபிக்கை மறைத்துக் காட்டச் சொல்லியும் கேட்காதீர்கள். இரண்டும் தங்கள் வேலை இல்லை என்று வயர்கார்டு எழுதுகிறவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 148, 92 என்ற மாறாத அளவுகளும், முதல் பைட் 1, அப்புறம் மூன்று பூஜ்யம் என்ற ஆரம்பமும் நமக்குக் கண்டுபிடிக்க வசதி என்றால் தடுக்க நினைப்பவனுக்கும் அதே வசதிதான். 2023 ஆகஸ்ட்டில் ரஷ்யாவில் ஓபன்விபிஎன்னும் வயர்கார்டும் மொபைல் நெட்வொர்க்குகளில் பரவலாக அடிபட்டன. அந்த மாதிரி இடங்களுக்காகவே அம்னீசியா விபிஎன் குழு, வயர்கார்டைப் பிரித்தெடுத்து அம்னீசியாடபிள்யூஜி என்று ஒன்று செய்திருக்கிறது. ஹேண்ட்ஷேக்குக்கு முன்னால் குப்பைப் பாக்கெட்டுகளை அனுப்பும், அளவுகளை மாற்றும், அந்த முதல் எண்களையும் மாற்றும். உங்கள் ஊரில் ஒரே கான்ஃபிக் ஒரு நெட்வொர்க்கில் ஓடி இன்னொன்றில் 148-இலேயே நிற்கிறதென்றால் தேவை இப்படி ஒன்று. வயர்கார்டுக்குப் புகார் எழுதி எந்தப் பயனும் இல்லை.

இதேபோல ஹாட்ஸ்பாட் போட்டால் பக்கத்து லேப்டாப்பின் டிராஃபிக் டன்னலுக்குள் போகாது. அது ஆண்ட்ராய்டின் ஏற்பாடு. 'விபிஎன் இல்லாமல் இணைப்பைத் தடு' என்று போட்டிருந்தும் ஆண்ட்ராய்டு தன் கனெக்டிவிட்டி சோதனையை வெளியே அனுப்புவதை 2022-இல் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. கூகுள் அது திட்டமிட்டதுதான் என்று மூடிவிட்டது. செயலி எழுதுகிறவர்களால் அதில் கை வைக்க முடியாது. இன்னொன்று: அதே தடுப்பை ஆன் செய்து வைத்துக்கொண்டு, விபிஎன்னைக் கண்டால் முரண்டு பிடிக்கும் வங்கிச் செயலியை விலக்குப் பட்டியலில் போட்டால் அந்தச் செயலிக்கு நெட்டே கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இத்தனைக்கும் பிறகும் தீரவில்லையா, சரி, எழுதுங்கள்

முதலில் வெர்ஷனைப் பாருங்கள். செயலியின் மாற்றப் பட்டியலையும், கடைசி ரிலீசுக்குப் பிறகு கோடில் சேர்ந்தவற்றையும் பார்த்தால், உங்கள் பிரச்சினை ஏற்கெனவே சரிசெய்யப்பட்டு ரிலீசுக்குக் காத்திருக்கலாம். திறந்த மூலத் திட்டங்களில் 'மூடப்பட்டது' என்றால் கோடில் சரியாகிவிட்டது என்றுதான் அர்த்தம், உங்கள் போனுக்கு வந்துவிட்டது என்று இல்லை. பிளே ஸ்டோரும் அப்டேட்டைத் தவணை முறையில் விடலாம். பழைய வெர்ஷனில் நன்றாக ஓடியதா என்று சோதிக்க நினைத்தால், ஆண்ட்ராய்டு நேரடியாகப் பின்னால் போக விடாது, அன்இன்ஸ்டால் செய்துதான் ஆக வேண்டும். அதற்கு முன் டன்னல்களை ஜிப் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அந்த ஜிப்புக்குள் உங்கள் பிரைவேட் சாவி பூட்டில்லாமல் கிடக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

மெனுவில் செயலியின் லாகை (நடந்தவற்றின் பதிவு) காட்டும் வழி இருக்கிறது, அங்கேயே சேமிக்கலாம். பிரச்சினையை நடக்க வைத்து, நடந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே எடுங்கள். மறுநாள் எடுத்த லாகில் வேறு கதைதான் இருக்கும். லாகில் மறுமுனையின் சாவி முன்னும் பின்னும் நான்கு நான்கு எழுத்தாகச் சுருங்கித்தான் வரும், பயமில்லை. பயம் ஸ்கிரீன்ஷாட்டில். கான்ஃபிக்கின் பிரைவேட் சாவி 44 எழுத்து, சமக்குறியில் முடியும்; அது எங்கும் தெரியக் கூடாது. க்யூஆர் படத்தில் கருப்புக் கட்டங்கள்தானே என்று அப்படியே போட்டுவிடுகிறவர்கள் உண்டு, அதற்குள் இருப்பது மொத்த கான்ஃபிக்கும். தெரியாமல் போட்டுவிட்டால் படத்தை அழிப்பதோடு நிற்காமல் சாவியையே மாற்றிவிடுங்கள்.

எழுதும்போது தலைப்பிலேயே விஷயம் வரட்டும். 'விபிஎன் வேலை செய்யவில்லை, அவசரம்' என்பதற்குப் பதில், 'வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் ஆர்எக்ஸ் நின்றுவிடுகிறது, ஆஃப் ஆன் செய்தால் சரியாகிறது' என்று. உள்ளே செயலி வெர்ஷன், ஆண்ட்ராய்டு வெர்ஷன், போன் மாடல், ரூட் செய்த போனா (ரூட் இருந்து, கெர்னலிலும் வயர்கார்டு இருந்தால் செயலியால் அதையே பயன்படுத்த முடியும், மற்றபடி கோ மொழியில் எழுதிய இன்ஜின்தான் ஓடும், இரண்டின் கோளாறுகளும் வேறு வேறு), எந்த நெட்வொர்க், ஐபிவி4-ஆ ஐபிவி6-ஆ, எப்போதும் நடக்கிறதா எப்போதாவதா, அந்த நேரத்தில் ஆர்எக்ஸ் டிஎக்ஸ் எவ்வளவு, இன்னொரு போனில் நடக்கிறதா. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இலக்கணம் பற்றிக் கவலைப்படாதீர்கள், சின்னச் சின்ன வாக்கியமும் எண்களும் போதும்.

இதே புகார் முன்பே இருந்தால் 'எனக்கும்' என்று மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள், அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை. உங்கள் போனில் எது வேறுபடுகிறது என்று ஒரு வரி சேருங்கள். சோதனை வெர்ஷன் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள், 'இன்னும் அப்படியேதான்' என்ற பதிலும் அவர்களுக்கு வேண்டியதுதான். கடைசியில் கான்ஃபிக்கில்தான் தப்பு என்று நீங்களே கண்டுபிடித்தால், எந்த வரி என்று எழுதி மூடிவிடுங்கள், அதே தேடலோடு அடுத்து வருகிறவருக்கு அது போதும்.