ஏழாம் வகுப்புக்கு ஒரு பாட்காஸ்ட்: கைப்பேசியில் பதிந்து வலைப்பூவில் ஏற்றுவது வரை

போன ஆண்டு எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்துக்காக, மாணவர்களே பேசும் ஒரு பாட்காஸ்ட்டும் (இணையத்தில் பகுதி பகுதியாக வரும் ஒலி நிகழ்ச்சி) அதற்கொரு வலைப்பூவும் தொடங்கினோம். என் கைப்பேசி, பள்ளியின் பழைய மடிக்கணினி, சில இலவசச் சேவைகள் மட்டுமே மூலதனம். நான் மாட்டிக்கொண்ட இடங்களில் மற்ற ஆசிரியர்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்கரில் வலைப்பூ திறக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. பெற்றோர் ஒப்புதல்

ஒலிப்பதிவுக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். குரலை வைத்தே ஒரு பிள்ளையை ஊரில் அடையாளம் கண்டுவிடலாம். அதனால் என்ன பதிவு செய்கிறோம், எங்கே வெளியிடுகிறோம் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்டால் எடுத்துவிடுவோம், ஆனால் மற்றவர்கள் ஏற்கெனவே இறக்கிக்கொண்ட பிரதியைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அதில் சொல்லிவிடுங்கள். நாங்கள் மாணவர் பெயரும் படமும் போடுவதில்லை. பின்னூட்டங்களை ஆசிரியர் பார்த்த பிறகே வெளிவரும்படி வைத்திருக்கிறோம்.

2. எழுத்து

முதல் தலைப்பு ஊர் ஏரி. 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கும் கட்டுரைகள்தான் முதலில் வந்தன. சத்தமாக வாசிக்கச் சொன்னேன். எழுதியவர்களுக்கே கேட்கப் பொறுமை இல்லை. சரி, தாளை மூடிவிட்டு ஏரிக்குப் போய் யாரிடமாவது கேட்டு வாருங்கள் என்றேன். மதகு திறக்கும் நீர்க்கட்டிப் பெரியவரிடம் ஒரு மாணவி கேட்டாள்: "தாத்தா, ராத்திரில கலிங்கு வழிஞ்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?" சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்றார் அவர். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் எங்கள் முதல் பகுதி பிறந்தது.

கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளட்டும், பதில்களை எழுத வேண்டாம். முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் எழுதி வாசிக்கலாம். எங்கள் பிள்ளைகள் நிமிடத்துக்குச் சுமார் 80 சொற்கள் வாசிக்கிறார்கள். பகுதி மொத்தமும் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

3. பதிவு

வகுப்பறை சரிப்படாது. மின்விசிறி ஓடும், சுவர் எதிரொலிக்கும். எங்கள் நூலக அறையில் புத்தக அடுக்குகள் இருப்பதால் எதிரொலி குறைவு. தரையில் இரண்டு கோரைப்பாய் விரித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று வந்து மோதும். பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி எல்லோரும் அமைதியாக இருக்க வேண்டும். அந்த அமைதி அடுத்த படியில் தேவைப்படும்.

பதிந்ததும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். இதைத் தவிர்த்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் வெறும் தொழில்நுட்பப் பயிற்சிதான். "வாழை, வாளை ரெண்டும் ஒரே மாதிரி சொல்றே" என்று நான் பலமுறை திருத்தியும் மாறாத ஒரு மாணவன், தன் குரலைக் கேட்டதும் தானாகவே "இன்னொரு தடவை சொல்றேன் சார்" என்று கேட்டு வாங்கிப் பேசினான். ல, ள, ழ வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை.

4. தொகுப்பு

ஆடாசிட்டியைத்தான் பரிந்துரைப்பேன். 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் இலவச மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பழைய கணினிக்கும் போதும். கைப்பேசிச் செயலிகளிலும் வெட்டி ஒட்டலாம். ஆனால் ஒலியலையைப் பெரிய திரையில் பார்த்து வெட்டும்போது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது.

இரைச்சலை நீக்க ஒரே கட்டளையை இரண்டு முறை திறக்க வேண்டும். முதலில் அந்தப் பத்து விநாடி அமைதியை மட்டும் தேர்ந்தெடுத்து, 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' திறந்து, இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி மூடிவிடும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, அதே கட்டளையை மறுபடி திறந்து, சரி என்று கொடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் அளவை 12 டெசிபல் என்று வைத்தால் பிள்ளைகளின் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போலாகிவிடுகிறது. நான் 6 முதல் 8 வரை வைக்கிறேன். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினால் பரவாயில்லை.

கடைசியில் மோனோ (ஒற்றை ஒலித்தடம்), 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்), எம்பி3 என்று ஏற்றுமதி செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்பிதான் வரும். 'சேவ் ப்ராஜெக்ட்' கொடுத்தால் கிடைப்பது ஆடாசிட்டி மட்டுமே திறக்கும் கோப்பு, அதை வலையில் ஏற்றிப் பயனில்லை.

5. ஏற்றுவது

பிளாக்கரில் ஒலிக்கோப்பை நேரடியாக ஏற்ற வழியில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் ஏற்றி, எம்பி3 கோப்பின் நேரடி முகவரியை எடுத்துக்கொள்கிறோம். கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பள்ளி வேலைக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள்.

வலைப்பூப் பதிவில் ஒலிக்குக் கீழே மாணவர்கள் எழுதிய ஒரு பக்கமும் இருக்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. பேசத் தயங்கும் பிள்ளைக்கு அது இடம் கொடுக்கிறது; காது கேளாதவர்களும் வாசிக்க முடிகிறது.

தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அதை முகவரியில் சேர்க்காது. எல்லாப் பதிவின் முகவரியிலும் 'பிளாக்-போஸ்ட்' என்றே வரும். வெளியிடும் முன் 'பெர்மாலிங்க்' பகுதியில் ஆங்கில எழுத்தில் நீங்களே ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள்.

6. பாட்காஸ்ட் ஆக்குவது

இங்கேதான் எனக்கு ஒரு வாரம் போனது. பதிவு போட்டாயிற்று, வலைப்பூவில் ஒலி கேட்கிறது. பாட்காஸ்ட் கேட்க உதவும் ஆன்டெனாபாட் செயலியில் வலைப்பூவின் ஃபீட் (புதுப் பதிவுகளைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் பட்டியல்) முகவரியைக் கொடுத்தால் தலைப்புகள் மட்டும் வருகின்றன, ஒலி இல்லை. கோப்பை மாற்றினேன், மறுபடி ஏற்றினேன், புது வலைப்பூகூடத் திறந்து பார்த்தேன்.

விஷயம் இதுதான். பதிவின் உள்ளே இருக்கும் ஒலியைப் பாட்காஸ்ட் செயலி தேடுவதில்லை. ஃபீடில் 'என்க்ளோஷர்' என்று தனியாக ஓர் இணைப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். கடிதத்தோடு உறைக்குள் வைக்கும் பொருள் மாதிரி அது. பிளாக்கரில் அது தானாக வராது. அமைப்புகளில் 'சைட் ஃபீட்' பகுதிக்குப் போய், தலைப்பு இணைப்பு, என்க்ளோஷர் இணைப்பு இரண்டையும் அனுமதிக்கும் பொத்தானை இயக்குங்கள். அதன்பின் பதிவு எழுதும் பக்கத்தின் வலப்புறம் இணைப்புகளுக்கான இடம் தோன்றும். அங்கே எம்பி3 முகவரியைப் போட்டு, வகை என்ற கட்டத்தில் 'ஆடியோ', சாய்வுக்கோடு, 'எம்பெக்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். பழைய பதிவுகளுக்கும் ஒவ்வொன்றாகத் திறந்து இதைச் செய்தாக வேண்டும்.

பெற்றோரில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டு வலைப்பூவிலேயே கேட்கிறார்கள். பிறகு ஃபீட் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பிள்ளைகள் சிலரின் அப்பாக்கள் வெளியூரில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கைப்பேசியில் புதுப் பகுதி தானாக வந்து இறங்குகிறது. பேருந்தில், சிக்னல் இல்லாத இடத்தில்கூட மகளின் குரலைக் கேட்க முடிகிறது.

ஏற்றுவதையும் வெளியிடுவதையும் ஸ்பாட்டிஃபையிலேயே செய்யலாமே என்றால், செய்யலாம், சுலபமும்கூட. ஆனால் சேவைகள் பெயர் மாறும், மூடப்படும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் நின்றுபோனது. கோப்பும் எழுத்தும் நம் கையில் இருக்கட்டும் என்பது என் விருப்பம். ஒவ்வொரு பகுதியின் பிரதியையும் பள்ளிப் பென்டிரைவில் வைத்திருக்கிறோம்.

பிற்சேர்க்கை 1: கைப்பேசிப் பதிவு ஆடாசிட்டியில் திறக்கவில்லை என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் எழுதினார்கள். உங்கள் பதிவு எம்4ஏ வகையாக இருக்கும். விண்டோஸில் அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசத் துணை நிரலை நிறுவி, ஆடாசிட்டியை மூடித் திறக்க வேண்டும். அல்லது வேவ் வகையில் பதியும் ஒலிப்பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

பிற்சேர்க்கை 2: எல்லாம் சரியாகச் செய்தும் ஃபீடே வரவில்லை என்றார் ஓர் ஆசிரியை. பாதுகாப்புக்காக வலைப்பூவைத் தனிப்பட்டதாக வைத்திருந்தார். அப்படி வைத்தால் பிளாக்கரில் ஃபீட் இருக்காது. அவர் வகுப்புக்குப் பாட்காஸ்ட்டை விட அந்தப் பாதுகாப்புதான் முக்கியம் என்றால் அப்படியே விட்டுவிடலாம், வலைப்பூவில் கேட்டுக்கொள்ளட்டும்.

பிற்சேர்க்கை 3: பிளாக்கர் ஃபீட் வழக்கமாகக் கடைசி 25 பதிவுகளைத்தான் காட்டும். 26-ஆவது பகுதி போட்டதும் ஏரிப் பகுதி செயலியில் காணவில்லை என்று அந்த மாணவியே வந்து சொன்னாள். வலைப்பூவில் அது பத்திரமாக இருக்கிறது. முகப்பின் ஓரத்தில் அதற்கு நிரந்தர இணைப்பு ஒன்று வைத்துவிட்டோம்.